பூஜ்ஜியம் புள்ளி ஒன்று ஆறு

ஒரு சாண் வரப்புக்காக
பதினோரு வருஷம் என்னோடு பேசாத கூடலிங்கம்
ஐப்பசி அடைமழையில், ஒரே ராத்திரியில்,
நாற்பது சென்டை அப்படியே
என் காட்டுக்கு அனுப்பிவைத்தார்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை.
ஈரச் சாக்கை யாரோ பரணிலிருந்து
இழுத்துப் போட்டது மாதிரி.
விடிந்து பார்த்தால்
மேல்காட்டில் வெறும் பாறை.
கீழே, என் உருளைக்கிழங்கின் மேல்
அவர் பூண்டு
வரிசை குலையாமல் நிற்கிறது,
குடியேற வந்தது போல.
எல்லைக் கல்லையும் காணோம்.
அதுவும் என் பக்கம்தான் எங்கோ.

மன்னவனூர்ப் பாதை மூன்று இடத்தில் போயிருந்தது.
ஒன்பது நாள் தீவு நாங்கள்,
சுற்றிக் கடல் இல்லை, மஞ்சு மட்டும்.
கொடைக்கானல் போகவேண்டிய பீன்ஸை
மாட்டுக்குப் போட்டோம்.
இரண்டாம் நாள் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பத்தாம் நாள், ஜேசிபிக்குப் பின்னால்
நடந்தே வந்தார் வி.ஏ.ஓ. மேடம்.
முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண், முதல் குளிர்காலம்,
மஃப்ளருக்கு வெளியே மூக்கு மட்டும் தெரிந்த அரசாங்கம்.
போட்டோ ஏற்றினால்தான் படிவம் திறக்குமாம்.

"உங்க பயிர் எங்கே?"
அடியில், என்றேன்.
"அடியில இருக்கிறத எப்படிப் படமெடுக்க?
மேல இருக்கிறது?"
அது அவருது.
"அது நல்லாத்தானே இருக்கு."
முப்பத்துமூன்று சதவீதம் செத்திருக்க வேண்டுமாம்.
அதற்குக் குறைவாகச் செத்தது
சாவுக் கணக்கில் சேராது.

கூடலிங்கத்திடம் கேட்டார், எத்தனை ஹெக்டேர்?
அவர் சென்டில் சொன்னார்.
மேடம் போனில் தட்டிப் பார்த்து,
"பூஜ்ஜியம் புள்ளி ஒன்று ஆறு" என்றார்.
"பூஜ்ஜியமா?"
குல்லாவைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார் கூடலிங்கம்.
"புள்ளி இருக்குல்லய்யா" என்றார் மேடம், மெதுவாக.

எழுதியது இவ்வளவுதான்:
மேலே, நில இழப்பு.
கீழே, மேவிய மண்ணை அகற்ற.
ஒரே மண்.
போனதற்கு அவருக்குப் பணம்,
வந்ததற்கு எனக்கு.
அந்தப் பெண் சிரிக்கவில்லை.
எழுதாத பேனாவை வாயால் ஊதி ஊதிச் சூடாக்கினாள்.
ராத்திரி எங்கள் வீட்டில் சுடுசோறும் பூண்டுக் குழம்பும்.
பூண்டு யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

தையில் பூண்டு முற்றியது.
நான் பிடுங்கவில்லை, அவரும் கேட்கவில்லை.
ஒரு விடியலில் காடு வெறுமையாக இருந்தது,
பாதிக் கட்டுகள் என் வாசலில் கிடந்தன.

பணம் மாசியில்தான் வந்தது.
டவர் கிடைக்கிற பாறையில்
இரண்டு போனும் ஒரே நேரத்தில் கூவின.
எனக்கு இரண்டாயிரத்து இருநூறு.
அவருக்கு ஏழாயிரத்துச் சொச்சம்,
சொச்சத்தை ஏதோ பழைய பாக்கிக்கென்று
வங்கி பிடித்துக்கொண்டது.

சின்னப் பாறை. தள்ளி உட்கார இடமில்லை.
"அந்த மண்ண என்ன செய்யப் போற?" என்றார்,
நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிறவர் போல.
அகற்றணும்னு காசே தந்திருக்காங்க.
"எங்கே கொட்டுவ?"
எங்கே கொட்ட.

மட்டக்குதிரைக்காரன் சன்னாசி
நடைக்கு நாற்பது கேட்டான்.
இரண்டு பணத்தையும் ஒன்றாகப் போட்டு
சாக்குச் சாக்காய் மேலே ஏற்றினோம்.
இருநூற்று முப்பதாவது நடையில்
பணம் தீர்ந்தது.
சன்னாசி கடைசியாக ஒரு நடை சும்மா ஏற்றினான்,
குதிரைதான் முறைத்தது.
பாறையில் ஒரு மூலை கறுத்திருக்கிறது,
நாலு பாத்தி வரும்.

மிச்ச மண் இன்னும் என்னிடம்.
காரட் போட்டிருக்கிறேன், நல்ல முளைப்பு.
மேல்காட்டு மண் எப்போதுமே அப்படித்தான்,
எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்தப் பாறைக்கு இந்த வருஷமும்
அவர்தான் நிலவரி கட்டினார்.
ரசீதைக் கொண்டுவந்து காட்டினார்.
முழு நாற்பது சென்ட்.